தானாக நிறுவப்பட்டவை

இனி தேவையில்லை என்கிறது. யாருக்கு என்று சொல்லவில்லை. கீழே உள்ள பொதிகள் தானாக நிறுவப்பட்டவை, இனி தேவையில்லை, நீக்கவா, ஆ அல்லது இ. கம்ப்யூட்டர் திரையில் இவ்வளவுதான். அதற்குக் கீழே மென்பொருள் பொதிகளின் பெயர்ப் பட்டாளம், அதற்கும் கீழே சின்னக் கட்டம் ஒன்று சிமிட்டிக்கொண்டு என் விரலுக்காகக் காத்திருக்கிறது. பசிக்கிறது என்று ஒருவர் சொன்னால் யாருக்கு என்று கேட்கிறோம், வலிக்கிறது என்றால் யாருக்கு என்று கேட்கிறோம், தேவையில்லை என்றால் மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை, தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இதைத் தமிழில் பெயர்த்து வைத்த புண்ணியவான் எந்த ஊர்க்காரனோ, நல்ல மனசோடுதான் செய்திருப்பான், ஆனால் அந்த இடத்தில் 'உனக்கு' என்றோ 'எனக்கு' என்றோ ஒரு சொல்லைப் போட்டிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு இப்படி வயிறு எரிந்திருக்காது. நான் ராத்திரி ஆள். முனிச்சாலையில் இந்தப் பார்சல் ஆபீசுக்கு லாரி வருவதும் போவதும் ராத்திரியில்தான், சரக்கு ஏற்ற வந்து, ரசீது போடும் இடத்தில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் மக்கர் பண்ணும்போதெல்லாம் மெக்கானிக் வர விடியும் என்பதால் நானே நோண்டி நோண்டிப் படித்து, கடைசியில் இது என் தலையில் விழுந்தது. இன்றைக்கு லாரி கிடையாது. பழைய இயங்குதளத்துக்கு ஆதரவு முடிந்துவிட்டது அண்ணே, புதுசுக்கு ஏற்றிருங்க, பழைய குப்பை எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது, சுத்தமா எடுத்துருங்க என்று சின்ன முதலாளி நேற்றே சொல்லிவிட்டார். ஆதரவு முடிந்துவிட்டது. அதையும் யாரோ ஒருவன் ஒரு தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு முடிக்கிறான், நேற்று வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது இன்றைக்குக் காலையில் ஆதரவற்றதாகிவிடுகிறது. ஏற்றியாகிவிட்டது, நல்லபடியாகவே ஏறியது, ஒரு முறைகூடத் திணறவில்லை. இனி பாக்கி இந்தக் குப்பைதான்.

குப்பை என்று சொல்லிவிட முடியுமா. ஒன்றை நாம் கேட்டு நிறுவுகிறோம், அது தனியாக வராது, தனக்கு வேண்டியதையெல்லாம் கையோடு கூட்டிக்கொண்டு வரும், எழுத்துருவைக் கூட்டி வரும், அச்சுக்கு ஒன்றைக் கூட்டி வரும், கணக்குப் போட ஒன்றைக் கூட்டி வரும். நாம் கேட்டது ஒன்றுதான், மற்றதெல்லாம் தானாக வந்தது என்று கம்ப்யூட்டர் ஒரு ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு என்றைக்காவது நாம் கேட்டது போய்விட்டால் அதோடு வந்தவை அப்படியே நிற்கும், யாரும் கை வைக்க மாட்டார்கள், இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், அடுத்த பெரிய மாற்றம் வரும்போது வாசலில் வைத்துக் கேட்பார்கள், நீ யாரோடு வந்தாய், அவர் போய்விட்டாரே, நீ ஏன் இன்னும் நிற்கிறாய். காலையில் கதிரேசன் போனில் கேட்டதும் இதைத்தான், ஆனால் அவன் இதைவிட இனிப்பாகக் கேட்டான். மாமா, அக்கா இருந்தவரைக்கும் சரி, இப்ப உங்களுக்கு எதுக்கு இந்தப் பாரம் என்று கேட்டான். போய்ச் சேர்ந்துவிட்ட என் மனைவி இந்திராணியின் தம்பி, பாரம் என்றது என்னோடு இருக்கிற அவன் அப்பாவை. ஓசூரில் கம்பெனி உத்தியோகம். அவன் என்னை மாமா என்கிறான், நான் அவன் அப்பாவை மாமா என்கிறேன், அவர் என்னை மாப்ள என்கிறார், நான் அவனை மாப்ள என்கிறேன், இந்த நாலு கூப்பாட்டையும் ஒருத்திதான் முடிந்து வைத்திருந்தாள். ஓசூர்ப் பக்கத்தில் வயசானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்று திறந்திருக்கிறார்களாம். காலையில் யோகா, சாயந்திரம் பஜனை, கட்டிலுக்குப் பக்கத்திலேயே மணி, அமுக்கினால் ஆள் வருமாம். ஓர் அறை காலியாம், இன்றைக்குச் சாயந்திரத்துக்குள் சொல்லாவிட்டால் வேறு யாருக்கோ போய்விடுமாம். கல்யாண மண்டபம் பிடிப்பது போலப் பேசினான். பாரம் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு விட்டான் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தன் அப்பாவை என்னிடமிருந்து காப்பாற்றுகிறானா, என்னைத் தன் அப்பாவிடமிருந்து காப்பாற்றுகிறானா என்றே தெரியவில்லை, இரண்டு பக்கமும் உபகாரம் செய்கிற குரல். அவன் வீட்டில் ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இரண்டு பெட்ரூம்தான் மாமா என்பான், பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேணும்ல என்பான், அந்தப் பதிலை அவன் வாயில் வர வைத்துப் பார்த்திருக்கலாம். சரி மாப்ள, சாயந்திரம் சொல்றேன் என்று மட்டும் சொன்னேன், நாக்கை யாரோ மடித்து வைத்த மாதிரி.

அவன் சொன்னதும் என் நெஞ்சுக்குள் ஒரு கணம் காற்று வந்தது, அதை ஒளிப்பானேன். வெள்ளைச்சாமி என்கிற அந்த மாமனாரோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. நான் விடியற்காலையில் வந்து படுத்தால் அவர் அப்போதுதான் எழுந்து தொண்டையைச் செருமுவார், அது ஒரு செருமலா, தெருவே எழுந்துகொள்ளும். குழம்பில் உப்பு இல்லை என்பார், மறுநாள் போட்டால் உப்புக் கரிக்கிறது என்பார். ஃபேனை நிறுத்த மாட்டார். நான் காசு கட்டுகிற செய்தித்தாளை எனக்கு முன்னால் பிரித்து, மடிப்பைக் கெடுத்து, நடுத்தாளைத் தன் நாற்காலிக்கு அடியில் விரித்துவிடுவார். என்னை அவருக்குப் பிடிக்காது. பொண்ணு பார்க்க நான் போன அன்றைக்கே பிடிக்கவில்லை, ராத்திரி வேலை பார்க்கிறவனுக்கா என்று அவர் கேட்டதை இந்திராணியே சிரித்துக்கொண்டு எனக்குச் சொன்னாள். எனக்கும் அவரைப் பிடிக்காது. பிடித்தால்தான் வைத்துக்கொள்ள வேண்டுமா, இந்த உலகத்தில் பிடித்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு யார் குடும்பம் நடத்துகிறார்கள். வாட்ச்மேன் ஆசீர்வாதம் டீயைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, என்னண்ணே, பகல்ல உங்களப் பாத்தா யாரோ உங்க அண்ணன் மாதிரி இருக்கீங்க என்று சொல்லிவிட்டுப் போகிறார். பகல் வெளிச்சத்தில் என் வயசு தெரிகிறது என்பதை மரியாதையாகச் சொல்கிறார். டீயில் ஆடை கட்டிவிட்டது. குடோனிலிருந்து புளி மூட்டை வாசனையும் டயர் வாசனையும் கலந்து வருகிறது, தகரக் கூரை வெயிலில் டக் டக்கென்று விரிகிறது. கட்டம் சிமிட்டுகிறது. ஆனால் கதிரேசன் சொன்னதில் ஒன்று மட்டும் முள்ளாகக் குத்துகிறது, ராத்திரி அப்பா தனியாத்தானே மாமா கெடக்காரு என்றான். அது உண்மை. போன மாதம் பாத்ரூமில் விழுந்து கிடந்தார். நான் வந்து என் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தபோது செருமல் இல்லை, அந்தச் செருமல் இல்லாத வீடு எப்படி இருந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் வாசலிலேயே கிடப்பதைப் பார்த்தேன். அப்புறம்தான் அவர் கால் தெரிந்தது. என்ன மாப்ள இம்புட்டு நேரம் என்று தரையிலிருந்து கேட்டார், ஏதோ பஸ் ஸ்டாண்டில் எனக்காகக் காத்து நின்ற மாதிரி. அன்றிலிருந்து ராத்திரி ரசீது போடும்போது கை நின்றுவிடுகிறது, இந்நேரம் எழுந்திருப்பாரா, தரை ஈரமாக இருக்குமா, விளக்கைப் போட்டிருப்பாரா. கட்டிலுக்குப் பக்கத்தில் மணி என்றால் மணிதானே, அதை வைத்துக்கொண்டு கதிரேசனிடம் நான் எப்படிச் சண்டை போடுவது. சண்டை போட ஆத்திரம் இருக்கிறது, காரணம் அவன் கையில் இருக்கிறது, இதைவிடக் கேவலமான நிலைமை ஒருத்தனுக்கு வரக் கூடாது.

இன்னொரு வகை மிச்சமும் இந்தப் பட்டியலில் உண்டு. நீக்கப்பட்டது, அமைவுகள் மட்டும் இருக்கின்றன என்று எழுதியிருக்கும். ஆளை எடுத்துவிட்டோம், ஆனால் அந்த ஆள் சொல்லிவைத்தபடி வீடு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அனுப்பானடியில் எங்கள் வீட்டுக் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடும், இந்திராணி வேலைக்குப் போகிற பஸ்ஸுக்காக அப்படி வைத்தது, நானும் அவரும் தினமும் அதைப் பார்த்துக் கழித்துக்கொள்கிறோம், ஒருத்தரும் திருத்தவில்லை. கேஸ் புக் பண்ணினால் இந்திராணிக்கு நன்றி என்று குறுஞ்செய்தி வருகிறது. அடுப்பங்கரையில் ஒரு ஸ்விட்சைத் தொடாதே என்று பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறாள், அது எதற்கு என்று எனக்கும் தெரியாது அவருக்கும் தெரியாது, தொடுவதில்லை. இதையெல்லாம் ஒரே கட்டளையில் துடைத்துவிடலாம், துடைத்தால் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் துடை என்கிறவன் ஒரு நாளாவது அதோடு வேலை பார்த்தவனாக இருக்க வேண்டாமா. இதோ பட்டியலில் நடுவில் இருக்கிறதே இது, பழைய டாட் மேட்ரிக்ஸ் புள்ளி அச்சுப் பொறிக்குத் தமிழ் எழுத்துப் போட்டுத் தருகிற பொதி. பழைய பில் மென்பொருளோடு கூட வந்தது. அந்த மென்பொருளைப் போன வருஷம் தூக்கிவிட்டார்கள், இப்போது எல்லாம் இணையத்தில். அதனால் இதுவும் தேவையில்லை என்கிறது. புதிய வெளியீட்டில் இதைச் செய்கிற ஆளும் இல்லை, கைவிட்டுவிட்டார்கள், எடுத்தால் திரும்பக் கிடைக்காது. ஆனால் லாரி டிரைவருக்குக் கொடுக்கிற சீட்டு எதில் வருகிறது. ஊர்ப் பேரைத் தமிழில் பெரிய எழுத்தில் போட்டு, மூன்று தாள் கார்பனோடு கரகரவென்று அந்தக் கிழட்டுப் பொறியில் வருகிறதே, அது இதை நம்பித்தான் வருகிறது. நான் எழுதின நாலு வரி இதைக் கூப்பிடுகிறது. கம்ப்யூட்டரிடம் நான் அதைச் சொல்லவில்லை, சொல்லாததால் அதன் கணக்கில் இதற்கு உறவென்று ஒருத்தரும் இல்லை. சந்தேகத்துக்கு ஒரு சீட்டைப் போட்டுப் பார்க்கிறேன். பொறி ஒரு தடவை முனகி, தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டி, விருதுநகர் என்று அடித்துத் தள்ளுகிறது. ர-வுக்குக் கால் கொஞ்சம் நீளம், எப்போதும் அப்படித்தான். இதை எடுத்திருந்தால் நாளை ராத்திரி விருதுநகர் போகிற சரக்கு வெறும் கட்டம் கட்டமாக அச்சான சீட்டோடு எங்கே போய் இறங்கியிருக்கும். தேவையில்லையாம்.

ஆ அல்லது இ. ஆ என்றால் ஆம். இ என்றால் இல்லை. இதிலும் ஒரு கிறுக்குத்தனம் இருக்கிறது, இ என்பது இல்லையாகவும் இருக்கலாம், இருக்கட்டும் ஆகவும் இருக்கலாம், பெயர்த்தவன் யோசித்திருக்க மாட்டான். பக்கத்து டிப்போவில் வேலை பார்த்த ஒருத்தன் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றாமல் என்னத்தையோ அடித்துவிட்டு, பதில் புரியவில்லை பதில் புரியவில்லை என்று அது கத்த, ஆத்திரத்தில் என்டரைத் தட்டினான், என்டருக்கு ஆ என்று அர்த்தம், மொத்தமும் போனது. சும்மா இருந்தால் ஆம் என்று எடுத்துக்கொள்கிறது. மனுஷனும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறான். சாயந்திரம் வரை நான் வாயைத் திறக்காவிட்டால் கதிரேசன் அதை ஆம் என்றுதான் எழுதிக்கொள்வான், மாமா ஒண்ணும் சொல்லலையே என்பான். விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி இ என்று அடித்தேன். கட்டளை வரிக்குத் திரும்பியது, கோபம் மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். குடோன் மூலையில் டெலிவரி எடுக்காத பண்டல்கள் கிடக்கின்றன, ஒரு மூட்டை குக்கர் மூடி, யாரோ அனுப்பின தறி நாடா, நனைந்து காய்ந்த ஒரு மெத்தை. அவற்றை ஏலம் விடுவதற்கு முன்னால்கூட அனுப்பினவருக்கு ஒரு போன், பெறுகிறவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறோம், அது தொழில் முறை. காலையிலிருந்து நானும் கதிரேசனும் அந்த மனிதரை அனுப்பினவரும் பெறுகிறவருமாக நின்று பேசிக்கொண்டிருக்கிறோம். மெத்தைக்கு வாய் இல்லை, சரி. அவருக்கு இருக்கிறதே, தெருவையே எழுப்புகிற வாய். கதிரேசன் கேட்கவில்லை என்று கொதித்தேனே, நான் கேட்டேனா. போனை எடுத்து வீட்டுக்குப் போட்டேன். அடித்துக்கொண்டே இருக்கிறது. அடிக்க அடிக்க ஈரத் தரை, கால், மடிப்புக் கலையாத தாள், எல்லாம் வரிசையாக வருகிறது. எடுத்தார். பின்னால் டிவியில் யாரோ அழுகிறார்கள்.

மத்தியானம் சாப்பிட்டாரா என்று கேட்டேன், ரசத்தில் புளி ஜாஸ்தி என்றார். கதிரேசன் ஓசூர்ப் பக்கம் பார்த்திருக்கிற இடத்தைப் பற்றிச் சொன்னேன், மணியைப் பற்றியும் சொன்னேன், ஒன்றையும் கூட்டவில்லை குறைக்கவில்லை. டிவி சத்தம் நின்றது. அவர் டிவியை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"எதுக்கு?" என்றார்.

"ராத்திரி நான் இல்ல மாமா. நீங்க ஒத்தைல கெடக்கீங்க. அன்னைக்கு விழுந்தீங்கள்ல."

"விழுந்தேன். எந்திரிச்சேன்ல." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. "உங்களுக்கு நான் இருக்கது எடைஞ்சலா இருக்கா?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "எடைஞ்சல்தான்" என்று வந்துவிட்டது.

"எனக்கும்தான்" என்றார் உடனே, இதைச் சொல்ல வெகுநாளாகக் காத்திருந்தவர் போல. "பகல் பூராம் கொறட்டை. ஒரு சீரியலு நிம்மதியாப் பாக்க முடியுதா. ஆனா ஒண்ணு கேக்கேன் மாப்ள. நான் எப்ப உங்க வீட்ல இருந்தேன்? என் மக வீட்ல இருக்கேன். நீங்களும் அங்கதான இருக்கீங்க."

வைத்துவிட்டார். காலையிலிருந்து வளர்த்த கோபம் முழுவதும் பிடரியில் அடி வாங்கின மாதிரி நிற்கிறது. அவர் யாரோடு வந்தார், அவள் போய்விட்டாளே, அவரை என்ன செய்வது என்று நானும்தானே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், அந்தக் கணக்கில் நான் என்னவோ கேட்டு நிறுவப்பட்டவன் மாதிரி, வீடு என் பேரில் இயங்குகிற மாதிரி. அந்த வீட்டைத் தேடிப் பிடித்தவள் அவள், சாமான் ஒதுங்க வைத்தவள் அவள், இன்ன இடத்தில் இன்னார் படுக்க வேண்டும் என்று சொன்னவள் அவள். அவர் அவளுக்கு அப்பனாகி எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவளோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தவன் நான். நீக்கவா என்று அங்கே ஒரு கேள்வி வந்தால் முதல் பெயர் யாருடையது. சிரிப்பு வருகிறது, சிரித்தால் ஆசீர்வாதம் எட்டிப் பார்ப்பார், வந்தாலும் வரட்டும். ராத்திரி தனியாக இருப்பது இருக்கத்தான் செய்கிறது, அதை ஒரு பேச்சில் தீர்க்க முடியாது, நாளைக்குச் சின்ன முதலாளியிடம் பகல் வேலை கேட்க வேண்டும், ஆள் மாற்றித் தர முடியாது அண்ணே என்பார், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதுவரைக்கும் பாத்ரூமில் கைப்பிடி அடிக்க ஆள் பார்க்க வேண்டும், அவர் சுவரைக் கெடுக்கிறான் என்று சண்டைக்கு வருவார். விசைப்பலகையை இழுத்து, அந்த அச்சுப் பொதியின் பெயரை அடித்து, இது தானாக வந்தது இல்லை, நான் கேட்டு வைத்தது என்று குறித்துக்கொள்ளச் சொன்னேன். குறித்துக்கொண்டேன் என்றது. ஏன் என்று கேட்கவில்லை, அந்த மட்டுக்கும் அது நல்லது. மற்றதை ஒவ்வொன்றாக, இது யாரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், பொழுது போய்விடும், போகட்டும், சுத்தம் என்று சொன்னவர் வந்து கேட்கட்டும். போன் அடிக்கிறது. ஓசூர். சாயந்திரம் என்று சொன்னவனுக்கு அதுவரைக்கும் பொறுக்கவில்லை.

"மாமா, என்ன முடிவு பண்ணுனீங்க? அங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"நான் முடிவு பண்றதுக்கு ஒண்ணுமில்ல மாப்ள. உங்க அப்பாகிட்ட கேட்டேன்."

"அவர்ட்டயா? என்ன சொன்னாரு?"

"என்னைய இருந்துக்கிறச் சொல்லிட்டாரு."